கனமான பாட்டிலும் எவர்சில்வர் டம்ளரும்

பாரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தவர்களும் என் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பைபாஸ் ரோட்டு ஓட்டலில் கிளாஸ் கழுவச் சேர்ந்து, பிறகு ஊற்றிக் கொடுக்கிற வேலைக்கு உயர்ந்து, நின்று நின்று முட்டி தேய்ந்து இந்த வருடம் விலகிவிட்டேன். புது ஆட்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்றார் மானேஜர். பேச வராது, எழுதித் தருகிறேன் என்றேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து இது. பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் போய்க் கிளாஸ் துடைக்கலாம், அதுவும் உபயோகமான வேலைதான்.

கோடைக்கால ஒயினைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நம் ஊரில் அதைப் போலக் கேலிக்கூத்து வேறு கிடையாது. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு ஒயின் ஷாப் என்று போர்டு இருந்தது. உள்ளே போனால் ஒயினைத் தவிர எல்லாம் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் இப்போது பள்ளிக்கூட லீவு விட்டதும் சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், சம்பந்திகள் வருகிறார்கள், வைகாசித் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்குள் ஒரு பார்ட்டி வைத்து முடித்துவிட வேண்டும் என்று அலைகிறார்கள். கொடி ஏறிவிட்டால் பக்தி வந்துவிடும். பார்ட்டியில் பிராந்தி வைத்தால் கௌரவக் குறைச்சலாம், ஒயின் வைத்தால் குடும்பமாம். எந்த ஒயின் என்று கேட்டால்தான் பிரச்சினை.

சிலர் பாட்டிலில் இருக்கிற படத்தைப் பார்த்து எடுப்பார்கள். குதிரை படம் போட்டிருந்தால் வீரியம், கோட்டை படம் போட்டிருந்தால் பாரம்பரியம். சிலர் மெனு கார்டில் விலையை மட்டும் பார்ப்பார்கள், வலது பக்கத்திலிருந்து. லேபிளில் இருக்கிற இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் ஏற்பட்டதில்லை. அதை வரி விடாமல் படித்தவர்களும் கடைசியில் அதில் சோடா ஊற்றி, மிளகு வறுவலைக் கடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்தித்தான் குடித்தார்கள்.

ஆனால் காஞ்சிபுரத்துக்கென்று ஒரு வழி இருக்கிறது. வேறு எந்த ஊரிலும் இதைப் பார்க்க முடியாது. இங்கே ஒயினைத் தூக்கிப் பார்த்து வாங்குவார்கள்.

பட்டுக் கடை முதலாளிகளைக் கவனித்திருப்பீர்கள். மடித்த புடவையை இடது உள்ளங்கையில் வைப்பார்கள். லேசாக மேலே ஒரு தூக்கு. கண் பாதி மூடும். அவ்வளவுதான், பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு என்று கை சொல்லிவிடும். கனம் இருந்தால் சரக்கு. கனம் இல்லாவிட்டால் துணி. பிறந்ததிலிருந்து அந்தக் கைக்கு அதுதான் படிப்பு. அந்தக் கையைக் கொண்டுவந்து பாட்டிலுக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும்? கண்ணாடியைத்தான் எடை போடும். அடியில் குழி விழுந்த தடித்த பாட்டில் ஜெயித்துவிடும். உள்ளே கழுவின தண்ணீர் இருந்தாலும் ஜெயித்துவிடும்.

தணிகாசலம் முதலாளி அப்படித்தான் வந்தார். ஊரில் பெரிய பட்டுக் கடை. நெற்றி நிறையத் திருநீறு. வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. முன்வாசல் வழியாகப் பாருக்குள் நுழைந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சமையல்கட்டு வழியாக வந்தார். பாத்திரம் தேய்க்கிற பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ரகசியம் அத்தோடு முடிந்தது.

“வர்ற ஞாயித்துக்கிழம மத்தியானம் ஹாலு வேணும்பா. என் தம்பி வர்றான். அவனுக்கு ஒயின்தான் புடிக்குமாம். இருக்கறதுல நல்லதா எடுத்து வையி” என்றார் கேப்டனிடம். கேப்டன் என்பது பரிமாறுகிறவர்களுக்குத் தலைவர். அப்போது இருந்தவர் ஓட்டல் படிப்பு படித்த பையன், ஒயின் வாசனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாயில் எப்போதும் ஓக் மரமும் பெர்ரிப் பழமும் இருக்கும்.

நான் பாட்டில்களை வரிசையாக வைத்தேன். கேப்டன் ஒவ்வொன்றுக்கும் பாட்டுப் பாடினார். முதலாளி எதையும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக இடது கையில் வைத்துத் தூக்கினார். கண் பாதி மூடியது. மெல்லிய கண்ணாடியில், திருகு மூடி போட்ட ஒரு வெள்ளை ஒயின் இருந்தது. விலையும் குறைவு, வெயிலுக்கும் ஏற்றது. அதைத் தூக்கியவர் முகம் கோணிப் போயிற்று.

“இன்னாபா இது, காத்தாட்டம் இருக்குது? எடுத்து அப்பால வையி.”

கடைசியில் இருந்த சிவப்பு ஒயின் பாட்டில் அரிசி அளக்கிற படி மாதிரி தடிமன். தங்கக் கலரில் லேபிள். அதைத் தூக்கியதும் அவர் கை கொஞ்சம் கீழே இறங்கியது. முகம் மலர்ந்தது.

“இதான் சரக்கு.”

“எக்ஸலண்ட் சாய்ஸ் சார்” என்றார் கேப்டன். விலை அதிகமானால் அவருக்கு எல்லாம் எக்ஸலண்ட்.

முதலாளி ஒரு நிபந்தனையும் போட்டார். “ஐஸு கீஸு ஒண்ணும் போடக் கூடாது. தண்ணி பட்டா மேல ஒட்டின சீட்டு உரிஞ்சிக்கும். சீட்டு இல்லாத சரக்க எவன் நம்புவான்? என் தம்பி அத்தப் பாக்கணும்.”

பட்டுக்காரர் அல்லவா. நல்ல சரக்கில் தண்ணீர் படக்கூடாது, ஒட்டின சீட்டு பிரியக்கூடாது. கேப்டன் உடனே ஆமாம் போட்டார்: “ரெட் ஒயின் ரூம் டெம்பரேச்சர்லதான் சார் சர்வ் பண்ணணும். ஐஸ் தேவையே இல்ல.”

எந்த ஊர் ரூம் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்த விதியை எழுதியவன் கம்பளி போட்டுக்கொண்டு எழுதியிருப்பான். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் காஞ்சிபுரத்து ரூமில் பாட்டிலை வைத்தால் ரசம் வைக்கலாம். எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை. சொல்வதற்குத் தைரியம் இருந்தால் நான் ஏன் பாரில் நிற்கிறேன்.

வெளியே வந்தபோது வரவேற்பறையில் முதலாளியின் மனைவி சரோஜா அம்மா உட்கார்ந்திருந்தார். கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்பா, நீதான் அன்னிக்கு ஊத்துவியா?”

தலையாட்டினேன்.

“இவுரும் தம்பியும் பேசிக்கறதே இல்ல. ஊரு பூரா தெரியும், ஒனக்கும் தெரியும். ஒவ்வொரு வருசமும் தம்பி வெளிநாட்லேர்ந்து வராரு, மெட்ராஸ்லயே தங்கிட்டு சாமி பாத்துட்டுப் போயிட்றாரு. எங்க வூட்டு வாசப்படி ஏறமாட்டேன்னுட்டாரு. நான்தான் கெஞ்சி, வூடு வேணாம், ஓட்டல்லயாவது ஒக்காந்து ஒரு வாய் சாப்டுங்கன்னு ஒத்துக்க வெச்சிருக்கேன். இந்தத் தடவ கருட சேவை அன்னிக்கு ரெண்டு பேரும் எங்க வூட்டு வாசல்ல ஒண்ணா நிக்கணும். எத்தயாவது கெடுத்து வெச்சிடாதீங்கபா.”

ஊர் பூராவும் தெரியும் என்பது உண்மை. தம்பி ஞானவேல், ஒரு காலத்தில் அண்ணனோடு கடையில் உட்கார்ந்தவர். இந்தக் காலத்துப் பெண்கள் கனமான புடவை கட்டுவதில்லை, லேசான பட்டு நெய்யலாம் என்று சொன்னார். கனம் இல்லாததைப் பட்டு என்று விற்கிறவன் என் கடையில் உட்கார வேண்டாம் என்று தணிகாசலம் முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியவர், வெளிநாட்டில்தான் நின்றார். அங்கே லேசான பட்டு விற்று நன்றாக இருக்கிறார். அண்ணன் கடையிலும் இப்போது லேசான பட்டு தனி அடுக்கில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹாலில் ஏசி ஓடியது என்று சொல்ல வேண்டும், சத்தம் கேட்டது. கனமான பாட்டில்கள் காலையிலிருந்து மேசையில் நின்றன, லேபிள் வாசலைப் பார்த்தபடி. முதலாளியே வந்து திருப்பி வைத்தார், கடை ஜன்னலில் புடவை அடுக்குவதைப் போல. தொட்டுப் பார்த்தேன். வெந்நீர்ச் செம்பு மாதிரி இருந்தது.

தம்பி குடும்பம் வந்து உட்கார்ந்தது. மட்டன் சுக்கா, கோயில் இட்லி, எல்லாம் வந்தது. கொஞ்ச நேரத்தில் தம்பியின் மனைவி ரேவதி அம்மா கைகழுவ வருவதைப் போல என் பக்கம் வந்தார்.

“ப்ரதர், ஜில்லுனு ஒயிட் ஏதாவது இருக்குதா? பெரிய மாமா எதிர்ல கிளாஸ்ல வேணாம்.”

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் படிப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். நம் ஊர்க் குடும்ப விருந்துகளில் பெண்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்ற வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது மோர். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ஒரு பழைய ஆள் சொல்லிக் கொடுத்தது. மனுஷன் மிச்சம் வைத்த கிளாஸையெல்லாம் காலி செய்கிற ஆசாமி, மற்றபடி ஒரு நல்ல பழக்கம் கிடையாது. ஆனால் ஒன்று சொல்வார்: “ஊத்தறதுக்கு முன்னாடி மூஞ்சியப் பாரு. ஊத்தனதுக்கு அப்பறம் எங்கயும் பாக்காத.”

சோடா பாட்டில்கள் கிடந்த ஐஸ் தொட்டியில் அந்த லேசான வெள்ளை ஒயினையும் போட்டு வைத்திருந்தேன். முதலாளி போட்ட தடை கனமான பாட்டிலுக்குத்தானே. ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். ரேவதி அம்மா போன வேகத்தில் சரோஜா அம்மா வந்தார்.

“அவளுக்குக் குடுத்தியே, அது இன்னாபா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“சரி சரி. அதுலயே எனக்கும் ஒரு டம்ளர் ஊத்து. வேர்த்துக் கொட்டுது.”

அந்த முகத்தைப் பார்த்தேன். ஊற்றினேன்.

இதற்குள் கேப்டன் கனமான பாட்டிலைத் திறக்கும் சடங்கை நடத்திக்கொண்டிருந்தார். கார்க்கை எடுத்து முகர்ந்தார். தம்பிக்குக் காட்டினார். தம்பி கார்க்கை விட்டுவிட்டுப் பாட்டிலை வாங்கினார். இடது உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்கு தூக்கினார். வெளிநாட்டில் எத்தனை வருடம் இருந்தாலும் கை அப்படியே இருந்தது.

“கனமா இருக்குதேண்ணா.”

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம கடைல கனமில்லாத சரக்கு எப்ப இருந்துச்சி?”

தம்பி பாட்டிலைக் கீழே வைத்தார். ஒரு வாய் குடித்தார். வெந்நீரில் கஷாயம் போட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும், கழுத்தில் வேர்வை இறங்கியது.

“அதுக்குத்தான் கூப்ட்டியா?”

“எதுக்கு?”

“குத்திக் காட்டறதுக்கு.”

“டேய், நான் பாட்டிலச் சொன்னேன்டா.”

“அன்னிக்கும் புடவயத்தான் சொன்னே. என்னிய எங்க சொன்னே? ஊரே பாத்துக்கினு இருந்துச்சி, நீ புடவயச் சொன்னே.”

“பழசக் கெளறாதே ஞானம். நல்லதா இருக்கட்டும்னு நானே தூக்கிப் பாத்து எடுத்தேன்.”

“தெரியுது. இன்னும் தூக்கிக்கினுதான் இருக்கறே.” தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “ரேவதி, பசங்களக் கூப்டு. கெளம்பலாம்.”

கேப்டன் என்ன செய்தார் தெரியுமா? “சார், இந்த ஒயினைத் திறந்து வெச்சு கொஞ்சம் மூச்சு விட விடணும்” என்றார். அந்த இடத்தில் மூச்சு விட முடியாமல் இருந்தது ஒயின் மட்டுமா? வாயை மூடிக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு இந்த வேலையில் கேப்டன் பதவி கிடைக்கும்.

முதலாளிக்குத் தொண்டை காய்ந்திருக்கும். மனைவியின் முன்னால் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். நம் ஊர்க்காரர்கள் வாய் வைத்துக் குடிக்கமாட்டார்களே. அண்ணாந்து கடகடவென்று உள்ளே விட்டார். உதட்டில் படவில்லை, மூக்குக்கு எட்டவில்லை, நேராகத் தொண்டைக்குள் போயிற்று. சரோஜா அம்மா கை நீட்டுவதற்குள் டம்ளர் காலி.

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். கண் பாதி மூடியது. வெறும் கையோடு அந்தக் கண் மூடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நல்லா இருக்குதே. ஜில்லுனு, லேசா புளிப்பா… இன்னாது இது, சர்பத்தா?”

எழுந்து நின்ற தம்பி தன் மனைவியின் டம்ளரைப் பார்த்தார், அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏம்பா, ஒன்னத்தான். இன்னாது இது?”

ஹால் முழுவதும் என்னைப் பார்த்தது. நன்னாரி சர்பத்து என்று சொல்லிவிடலாம். பெண்கள் தப்பிப்பார்கள், முதலாளியின் விரதமும் தப்பிக்கும். தம்பி மட்டும் போய்விடுவார், இனி வரமாட்டார். ஒயின் என்று சொன்னால் ஒரு மனுஷனின் அறுபது வருஷ நெற்றித் திருநீற்றை நான் எல்லார் முன்னாலும் அழித்தவனாவேன். சொல்லாதே என்று கேப்டன் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் சரோஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. இது என் கூச்சம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு ஒருநாள் மட்டும் அது கூச்சம் இல்லை.

“அவனை ஏன் கேக்கறீங்க? என்னுது அது” என்றார் சரோஜா அம்மா. “ஒயினுதான்.”

“நீயா?”

“ஆமா, நான்தான். நீங்க வெச்சிருக்கற கனமான சரக்கு கொதிக்குது. அத்த எவன் குடிப்பான்? இது ஜில்லுனு இருந்துச்சி. நீங்களும்தான் நல்லா இருக்குதுன்னீங்க. இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லட்டுமா?”

யாரோ கனைத்தார்கள். ரேவதி அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். முதலாளிக்குக் கோபம் வருமா, அழுகை வருமா என்று தெரியவில்லை. காலி டம்ளரை ஒருமுறை பார்த்துவிட்டு, “எது?” என்றார்.

ஐஸ் தொட்டியிலிருந்து பாட்டிலை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். இடது கைதான் வந்தது. ஒரு தூக்கு. கைக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. காற்று மாதிரி இருக்கிறது என்று அவர் ஒதுக்கிய பாட்டில். அவர் அதைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தம்பியிடம் நீட்டினார்.

“தூக்கிப் பாருடா.”

தம்பி வாங்கினார். அதே உள்ளங்கை, அதே தூக்கு.

“ஒண்ணுமே இல்லண்ணா.”

“ஆமா. ஒண்ணுமே இல்ல.” முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டார். “நல்லா இருக்குது.”

தம்பி அண்ணனைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அந்த மனுஷன் வருஷா வருஷம் விமானம் ஏறி வந்திருக்கிறார், வந்து மெட்ராஸிலேயே தங்கியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பெரிய மனுஷர்களின் புத்தி அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தில் முடிகிற விஷயத்துக்கு ஒரு ஆயுசு.

தம்பி நாற்காலியை முன்னால் இழுத்தார். “ஏம்பா, எனக்கு ஒரு கோயில் இட்லி வையி. இந்தச் சூடான சனியன்ல கொஞ்சம் ஐஸ் போடு.”

கனமான பாட்டில்களை நான் ஐஸ் தொட்டிக்குள் தள்ளினேன். கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார், யாரோ இறந்துபோன மாதிரி. கொஞ்ச நேரத்தில் தங்க லேபிள் உரிந்து தண்ணீரில் மிதந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். திரும்பி இட்லியைப் பிய்த்தார். அடுத்த மாதம் ஓட்டல் மீட்டிங்கில், கோடை விருந்துக்கு வெள்ளை ஒயினைத் தான்தான் சிபாரிசு செய்ததாகக் கேப்டன் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இப்போது அவர் வேறு ஊரில் பெரிய ஓட்டலில் இருக்கிறார்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, மே மாதத்தில் யாராவது நல்ல ஒயினாகக் கொடு என்று கேட்டால், தடித்த கண்ணாடிக்குக் கொடுக்கிற காசு கண்ணாடிக்கடைக்காரனுக்குப் போகிறது என்று நினைவில் வையுங்கள். திருகு மூடியைப் பார்த்து முகம் சுளிக்கிறவனுக்குக் கார்க்கைக் கையில் கொடுங்கள், அதையே மென்றுகொண்டிருக்கட்டும். இளசான, லேசான, மலிவான வெள்ளை ஒயின் போதும், நம் காரத்துக்குத் துளி இனிப்பு இருந்தால் இன்னும் நல்லது. முதலில் குளிர வையுங்கள், பெயரை அப்புறம் சொல்லலாம். சிவப்புதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் அதையும் ஐஸில் போடுங்கள். பாவம் ஒன்றும் வராது. எவர்சில்வர் டம்ளர்கள் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். யாருடைய டம்ளர் என்று யார் கேட்டாலும், அதற்குப் பதில் சொல்வது உங்கள் வேலை இல்லை. அவர்களே சொல்வார்கள்.

கருட சேவை அன்று விடியற்காலை நானும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனேன். பட்டுக்கடைத் தெருவில் காலை வைக்க இடம் இல்லை. தணிகாசலம் முதலாளி வீட்டு வாசலில் அண்டா வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசற்படியின் மேலே முதலாளி நின்றார். பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தம்பி. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தபடி, பெருமாளின் குடை வருகிற திசையைப் பார்த்தபடி. பேசிக்கொள்ளவில்லை. பேச என்ன இருக்கிறது?

கூட்டத்தில் ஒதுங்கிப் போகப் பார்த்த என்னைச் சரோஜா அம்மா கண்டுவிட்டார். ஒரு டம்ளரை நீட்டினார். நான் வாங்கி, பழக்கத்தில், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

அவர் சிரித்துவிட்டார்.

“பயப்படாமக் குடிபா. மோருதான்.”